மாதம் 500 போர்டு: எல்லாரும் டர்ன்கீ மட்டும்தான் என்கிறார்கள், ஒத்துக்கலாமா?

கோவை_கன்ட்ரோலர்:
வணக்கம். மூணு ஃபேஸ் பம்ப் ஸ்டார்ட்டருக்கான கன்ட்ரோலர் போர்டு. 2 லேயர், எஃப்ஆர்4 (கண்ணாடி நார் எபாக்ஸி), 1.6 மி.மீ. தடிமன், அளவு 110 × 80 மி.மீ. பி.ஓ.எம்.-ல் (பாகப் பட்டியலில்) 61 வரி, மொத்தம் 148 பாகம். பாக அளவு பெரும்பாலும் 0603, இடையிடையே அதைவிடச் சின்ன 0402. எஸ்டிஎம்32ஜி0 எம்சியு (மைக்ரோகன்ட்ரோலர்), ஒரு கியூஎஃப்என் (நீண்ட கால் இல்லாமல் அடியில் பேடு உள்ள) பவர் ஐசி. துளையில் இறங்குவது இரண்டு ரிலே, வேரிஸ்டர்கள், டெர்மினல் பிளாக்.

இதுவரை பாகமெல்லாம் நாங்களே வாங்கிக் கொடுத்து, ஜாப் ஒர்க்காக அசெம்பிளி மட்டும் வெளியே செய்தோம். இப்போது மாதம் 500க்குப் போகிறோம். விசாரித்த இடத்தில் எல்லாம் "கன்சைன்மென்ட் எடுப்பதில்லை, டர்ன்கீதான்" என்கிறார்கள், அதாவது நாங்கள் பாகம் கொடுக்கக் கூடாது, பாகம் வாங்குவதும் அவர்களே. கூடவே ஒவ்வொரு வரிக்கும் மாற்று பார்ட் நம்பர், பேனல் (பல போர்டு சேர்ந்த ஒரே தகடு) டிராயிங், டெஸ்ட் ஜிக் (போர்டை வைத்துச் சோதிக்கும் சாதனம்) எல்லாம் கேட்கிறார்கள். மொபைல் வேலை குவிவதால் சின்ன ஆளைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களா? டர்ன்கீக்குப் போனால் எங்கே மாட்டுவோம்?

லைன்_பார்வை:
கழற்றிவிடுவது இல்லைங்க, கணக்கே அப்படி. 61 வரியில் எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் பாகம்) மட்டும் ஐம்பதைத் தாண்டும். அதாவது ஐம்பது ஃபீடர் (ரீலிலிருந்து மெஷினுக்குப் பாகம் ஊட்டுவது). உங்க போர்டை மெஷின் அரை நிமிடத்தில் வைத்துவிடும். 500 போர்டு நாலு, நாலரை மணி நேர ஓட்டம். ஆனால் ஃபீடர் ஏற்றி, ஒவ்வொரு ரீலையும் ஸ்கேன் செய்து, முதல் போர்டை எல்சிஆர் மீட்டரில் (பாகத்தின் மதிப்பை அளக்கும் கருவி) சரிபார்த்து முடிக்க அதே அளவு நேரம் போகும். இதற்கு நடுவில் நீங்க கொடுத்த கட் டேப்பில் (ரீலிலிருந்து வெட்டிய துண்டு) ஒரு கெபாசிட்டர் முப்பது குறைந்தால் லைன் நிற்கும். கன்சைன்மென்ட் வேண்டாம் என்பதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய ஆலைகளைத் தேடாதீங்க. ஒரே மாடலை மாதக்கணக்கில் ஓட்டுவதற்கு அமைந்த லைன் அவை. "ஹை மிக்ஸ், லோ வால்யூம்" (பல மாடல், குறைந்த எண்ணிக்கை) என்று தொழில் செய்பவர்களைக் கோவை, ஓசூர், பெங்களூரில் பாருங்க.

விலை பேசப் போகும் முன் வரியைக் குறையுங்க. புல்அப் ரெசிஸ்டருக்கு ஓரிடத்தில் 4.7 கே, இன்னோரிடத்தில் 5.1 கே இருந்தால் ஒன்றாக்குங்க. 100 நானோஃபாரட் கெபாசிட்டரில் 16 வோல்ட்டும் 50 வோல்ட்டும் தனித்தனியாக எதற்கு, எல்லாமே 50 வோல்ட் போடலாம். உங்க போர்டில் இடம் இருக்கிறது, 0402-ஐயும் 0603 ஆக்கிவிடுங்க. 61 வரி 45க்கு வந்தால் செட்டப் நேரத்தில் நேரடியாகத் தெரியும்.

பாகம்_பர்ச்சேஸ்:
மாட்டும் இடம் அசெம்பிளி கூலி இல்லை, மிச்ச சரக்கு. உங்களுக்கு மாதம் 500 ரிலே ஜோடி வேண்டும். குறைந்தபட்ச ஆர்டர் 5,000 என்றால் மீதி 4,000 யார் தலையில்? "கேன்சல் ஆகாது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற நிபந்தனையில் வரும் பாகங்கள் எவை என்று ஆர்டர் போடும் முன்பே பட்டியல் வாங்கிக் கையெழுத்துப் போடுங்க. எத்தனை மாத ஃபோர்காஸ்ட் வரை உங்க பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கணும். பேச்சோடு விட்டால் டிசைன் மாறும் நாளில் பில் வரும். ரெசிஸ்டர் ரீல் மிச்சத்துக்கெல்லாம் சண்டை போடாதீங்க, காசு பெறாது.

என் பரிந்துரை பகுதி டர்ன்கீ. எம்சியு, பவர் ஐசி, ரிலே மூன்றும் நீங்க வாங்கி, முழு ரீலாக அல்லது டிரேயாகக் கொடுங்க, மற்றது அவர்கள். இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

மாற்று பார்ட் நம்பர் கேட்பது வீம்பு இல்லை. 2020–22 தட்டுப்பாட்டில் எம்சியுக்கு ஒரு வருஷம் காத்திருந்த பாடம் அது. 2025 செப்டம்பர் கடைசி, அக்டோபரில் இன்னொன்று: நெதர்லாந்து அரசு நெக்ஸ்பீரியா என்ற சிப் கம்பெனியைக் கட்டுப்பாட்டில் எடுத்தது, சீனா தன் நாட்டில் பேக்கேஜ் ஆகும் அதன் பாகங்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. சாதா டயோடு, டிரான்சிஸ்டர், லாஜிக் ஐசிதான். அதற்கே ஹோண்டா வரை கார் உற்பத்தியைக் குறைத்தார்கள். ஆகவே விலை மலிந்த டிஸ்கிரீட்டுக்குத்தான் (டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற தனிப் பாகம்) முதலில் இரண்டு மாற்று எழுதணும்.

ஆனால் எம்எல்சிசி (செராமிக் கெபாசிட்டர்) மாற்றில் கவனம். 10 மைக்ரோ, 25 வோல்ட் என்று மட்டும் எழுதினால் எக்ஸ்7ஆர் 1206 இடத்தில் எக்ஸ்5ஆர் 0805 (வேறு டைஎலக்ட்ரிக், சின்ன அளவு) வரும். 24 வோல்ட் லைனில் டிசி பயஸ் (நிலையான வோல்டேஜ்) ஏறியதும் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். டைஎலக்ட்ரிக், அளவு, வோல்டேஜ் மூன்றையும் பூட்டுங்க. எம்சியுக்கு பின் பொருந்தும் மாற்று கிடைத்தாலும் ஃபர்ம்வேர் அப்படியே ஓடும் என்று நம்பாதீங்க. அதற்கு ஆறு மாத ஸ்டாக் வைப்பதே மலிவு.

கோவை_கன்ட்ரோலர்:
நன்றிங்க. பகுதி டர்ன்கீ நல்ல யோசனை. பேனலும் ஜிக்கும்? எங்க லேஅவுட்டில் டெஸ்ட் பாயின்டே (ஜிக்கின் பின் தொடும் புள்ளி) இல்லை. வெறும் போர்டை சீனாவிலிருந்தே எடுக்கலாமா?

பேனல்_பித்தன்:
2 லேயருக்குச் சீனா எதற்குங்க? 6 லேயர் வரையிலான வெறும் போர்டுக்கு 2024-லேயே சீனா, ஹாங்காங் சரக்கு மேல் ஆன்டி டம்பிங் வரி போட்டாச்சு. உள்ளூரிலேயே எடுங்க. 2025-ல் மத்திய அரசு அறிவித்த ₹22,919 கோடி உதிரிபாகத் திட்டம் மல்டிலேயர் போர்டு, சப் அசெம்பிளி போடுபவர்களுக்கு. உங்க விலையில் இப்போதைக்கு ஒன்றும் இறங்காது.

பேனல் 2 × 2 போதும். இரு பக்கமும் 7 மி.மீ. ரெயில் (மெஷின் பிடிக்கும் ஓரப்பட்டை). ஃபிடூஷியல் (மெஷின் கேமரா இடம் பார்க்கும் குறி) 1 மி.மீ. செம்புப் புள்ளி, சுற்றிலும் மாஸ்க் (மேற்பூச்சு) திறப்பு 3 மி.மீ.; பேனலில் மூன்று, ஒவ்வொரு போர்டிலும் இரண்டு.

வி-கட் (போர்டுகளைப் பிரிக்கும் வெட்டுக் கோடு) பக்கம்தான் பெரிய ஆபத்து. கோட்டிலிருந்து 5 மி.மீ.க்குள் எம்எல்சிசி வைக்காதீங்க. வைத்தே ஆகணும் என்றால் அதன் நீளவாக்கு வி-கட்டுக்கு இணையாக இருக்கணும். குறுக்காக நின்றால், பேனலைக் கையால் உடைக்கும்போது போர்டு வளைந்து கெபாசிட்டரின் முனை அடியில் விரிசல் விழும். ஏஓஐ (கேமராவால் சோதிக்கும் மெஷின்) கண்ணுக்குப் படாது, டெஸ்டிலும் பாஸ் ஆகும். தோட்டத்து ஷெட்டில் ஈரம் ஏறி மூணு மாதம் கழித்து ஷார்ட் ஆகும், நீங்க பவர் ஐசியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீங்க. பிளேடு மெஷினில்தான் பிரிக்கணும் என்று டிராயிங்கிலேயே எழுதுங்க. 24 வோல்ட் உள்ளீட்டில் சாஃப்ட் டெர்மினேஷன் (வளைவைத் தாங்கும் முனை உள்ள) எம்எல்சிசி போடுவது நல்லது.

ஸ்டென்சில் (சால்டர் பேஸ்ட் பூசும் துளைத் தகடு) 0.12 மி.மீ. கியூஎஃப்என் நடு பேடுக்கு ஒரே பெரிய ஓட்டை வேண்டாம். ஜன்னல் கட்டம் மாதிரி பிரித்து 50–70% பரப்பு போதும். பேஸ்ட் அதிகமானால் ஐசி மிதந்து ஓரக் கால்கள் ஒட்டாது. ரிலே, டெர்மினல் கால்களைச் சுற்றி, கீழ்ப்பக்கம் 3 மி.மீ.க்கு எஸ்எம்டி வராமல் விட்டால்தான் செலக்டிவ் சால்டர் (குறிப்பிட்ட கால்களை மட்டும் பற்றவைக்கும்) நாசில் நுழையும். ரிலே வாஷ் செய்யக்கூடிய சீல்டு வகையா என்று டேட்டாஷீட்டில் பாருங்க. இல்லையென்றால் நோ கிளீன் (கழுவத் தேவையில்லாத) ஃபிளக்ஸ், வாஷ் கூடாது என்று குறிப்பு.

500க்கு ஐசிடி (பாகம் பாகமாக ஊசி வைத்து அளக்கும் சோதனை) வேண்டாம். ஏஓஐயும் ஒரு ஃபங்ஷன் ஜிக்கும் போதும். டெஸ்ட் பாயின்ட் எல்லாம் ஒரே பக்கம், 1 மி.மீ. வட்டம், இடைவெளி 2.54 மி.மீ. அதைவிட நெருக்கினால் மெல்லிய பின் போட வேண்டிவரும், அது சீக்கிரம் வளையும். 3 மி.மீ. டூலிங் துளை இரண்டு, மூலைக்கு மூலை. ஆபரேட்டர் கையில் 415 வோல்ட்டைக் கொடுக்காதீங்க. சிடி (கரன்ட் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ளீட்டில் மில்லிவோல்ட் சிக்னல் கொடுத்து ஓவர்லோடு, டிரை ரன் (தண்ணீர் இல்லாத ஓட்டம்), சிங்கிள் ஃபேஸிங் (ஒரு ஃபேஸ் போவது) மூன்றையும் சோதிக்கலாம்.

ஜிக்_மற்றும்_ஜிஎஸ்டி:
ஒரு கூடுதல். பகுதி டர்ன்கீயில் நீங்க அனுப்பும் எம்சியுவும் ரிலேயும் ஜாப் ஒர்க் கணக்கு. டெலிவரி சலானில் போகணும், ஒரு வருஷத்துக்குள் போர்டாகத் திரும்பணும், ஐடிசி-04 ஜிஎஸ்டி படிவத்தில் காட்டணும். டெஸ்ட் ஜிக்குக்கு அந்தக் கெடு இல்லை, ஆனாலும் சலான் போட்டு அனுப்புங்க. நாளைக்கு ஆலை மாற்றும்போது "இது எங்க ஜிக்" என்று காட்ட அதுதான் தாள்.

கியூஎஃப்என் எம்எஸ்எல்-3 (ஈரம் தாங்கும் தரம்) ஆக இருந்தால் பாக்கெட் பிரித்ததிலிருந்து 168 மணி நேரத்துக்குள் சால்டர் ஆகணும். மாதம் ஒரு தடவை ஓடும் வேலையில் மிச்ச ரீல் பெரும்பாலும் சும்மா ஷெல்ஃபில் கிடக்கும். டிரை கேபினட்டில் வைப்பார்களா, அடுத்த தடவை சூடேற்றி ஈரம் போக்குவார்களா என்று கேளுங்க.

ஃபர்ம்வேரை மொட்டையாகக் கொடுத்துவிடாதீங்க. எஸ்டிஎம்32-க்குள் 96 பிட் தனி அடையாள எண் இருக்கிறது. அதை ஜிக் படித்து, உங்க சர்வரிலிருந்து அந்த எண்ணுக்கான கீயை வாங்கி எழுதட்டும். கீ இல்லாத போர்டு ரிலேயை இழுக்கக் கூடாது. எத்தனை போர்டு ஓட்டினார்கள் என்ற கணக்கும் அதிலேயே வந்துவிடும். ரீட்அவுட் பாதுகாப்பு (சிப்பிலிருந்து ஃபர்ம்வேரைப் படிக்க விடாத பூட்டு) லெவல் 1 போடுங்க. லெவல் 2 போட்டால் திரும்ப எடுக்க முடியாது, ரிப்பேருக்கு வரும் போர்டில் டீபக் செய்யவும் வழி இல்லை.