பிள்ளைகள் காய் விட்டால் நாங்கள் எங்கே பேசுவது?

கும்பகோணம், ஏழு வயதுப் பையனின் அம்மா:

வீட்டுக்காரர் தவறி நான்கு வருடம் ஆகிறது. பையனுக்கு வகுப்பில் ஒரு பெண் ரொம்ப சிநேகம். அவள் பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள், அப்பாவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவன் அங்கே, இல்லையென்றால் அவள் இங்கே. என் போனில் அவர் 'அவளோட அப்பா', அவர் போனில் நான் 'அவனோட அம்மா'. ஒன்பது மாதம் சொந்தப் பெயர் தெரியாமலே ஓடியது என்றால் நம்புவீர்களா?

மகளை விட வந்தால் வாசலோடு சரி, வண்டியை அணைக்கக்கூட மாட்டார். போன ஆடியில்தான் எல்லாம் மாறியது. பதினெட்டாம் பெருக்குக்கு இழுக்க இரண்டு பேருக்கும் ஒரு சப்பரம் வாங்கியிருந்தோம். முதல் நாளே சக்கரம் கழன்றுவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் ஆரக்கம்பியை வளைத்து அச்சில் செருகினார். விரலில் கிழித்துக்கொண்டதைக் காட்டாமல் வேட்டியில் துடைத்ததைப் பார்த்தேன். காபி கொடுத்தேன். "தப்பா நினைக்காதீங்க, உங்க பேரு என்ன?" என்றார்.

மறுநாள் சக்கரப் படித்துறையில் நல்ல கூட்டம். காப்பரிசி, காதோலை கருகமணி வைத்துப் படைத்துவிட்டு, பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். என்னிடம் வந்ததும் தட்டு அப்படியே அடுத்தவரிடம் போனது. பழகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னப் பெண் "ஆன்ட்டிக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தனக்குக் கொடுத்த கயிற்றை என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா பார்த்தார். அது போதாதா? சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும்.

எனக்குத் தெரு பயமில்லை. நாளைக்கு எங்களுக்குள் ஒத்துவராமல் போனால் பையனுக்கு இருக்கிற ஒரே சிநேகிதமும் போய்விடுமே, அதுதான் பயம். இப்படி இருந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவாரூர், இரண்டு பெண்களின் அப்பா:

உங்கள் வீட்டுக்காவது பிள்ளைகள் வருகிறார்கள். பெண்துணை இல்லாத வீட்டுக்கு யாரும் மகளை விளையாட அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அனுப்பமாட்டேன். மன்னார்குடியிலிருந்து அம்மா வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கும். அம்மா பஸ் ஏறினால் அதுவும் போச்சு.

கல்யாணத் தரகர் ஒருவர் போன மாதம் சொன்னார்: "பொண்ணுங்களை உங்க அம்மாகிட்ட விட்ருங்க சார், நாளைக்கே முடிச்சுடலாம்." டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

இன்னொன்று. விதவை மறுமணத்துக்கு அரசு 8 கிராம் தங்கமும் பணமும் தருகிற திட்டத்துக்கு டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயர். தஞ்சாவூர் கருந்தட்டாங்குடியில் பிறந்தவர், நம்ம மண்ணு. அரசாங்கமே தங்கம் கொடுத்து வாழ்த்துகிறது, உங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு என்னவாம்?

மீண்டும் கும்பகோணம்:

நான் பயந்தது தலைகீழாக நடந்துவிட்டது. பெரியவர்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், சின்னதுகள் இரண்டும் காய் விட்டுவிட்டன. ஒரு ஸ்கெட்ச் பேனா மூடி காணாமல் போன தகராறு. இரண்டு ஞாயிறு போக்குவரத்தே இல்லை. பையன்கள் சண்டை என்றால் இரண்டு நாள், இது என்னவோ வாய்க்கால் வரப்புத் தகராறு மாதிரி நீள்கிறது.

நேற்று ராத்திரி அவரிடமிருந்து போன். "பாப்பாவோட தமிழ்ப் புத்தகம் உங்க வீட்டுல இருக்கான்னு..." என்று இழுத்தார். அப்படி ஒரு புத்தகமே இங்கே இல்லை.

"இருக்கும், வந்து தேடிப் பாருங்க" என்றேன்.