பீலித் தண்ணீர் மழைக்குக் கலங்கி வருகிறது, காய்ச்சினால் போதுமா?

பணிய லயத்துப் பிள்ளை:
நுவரெலியாப் பக்கத் தோட்டம், நானுஓயாவில் போய் விழுகிற ஓடைக்கரை. எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கிற ஊற்றிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீர்க் குழாய்தான் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊற்றுக்கு மேலே கிடந்த பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டார்கள், அதிலிருந்து மழை பெய்த மறுநாள் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, கோழி எரு போடுகிற வாரம் வாடையும் அடிக்கிறது. சின்ன வயதில் பீலிக்குக் கீழே கல்லைப் புரட்டினால் நண்டு ஓடும். இப்போது கல்லெல்லாம் பச்சையாய் வழுக்குகிறது, நண்டைக் காணோம். அக்காவின் பிள்ளைக்கு நாலு மாதம், பால்மாதான் கொடுக்கிறாள். நன்றாகக் காய்ச்சினால் போதுமா?

ஆய்வுகூடத்து அக்கா:
போதாது தம்பி. காய்ச்சினால் கிருமி சாகும், உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் வருகிற நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை. அதைத் தாண்டினால் முதல் ஆபத்து உங்கள் அக்கா பிள்ளை மாதிரி, ஆறு மாதம் ஆகாத, பால்மா குடிக்கிற பிள்ளைகளுக்குத்தான். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும், அப்படி ஏதும் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. சோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் பால் கரைக்கவே வேண்டாம், போத்தல் தண்ணீர் வாங்குங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள், கிருமிக்கு மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், நைத்திரேற்றும் பார்க்க வேண்டும் என்று கடிதத்திலேயே போடுங்கள். மழைக்கு மறுநாள் ஒரு மாதிரி, காய்ந்த நாளில் ஒரு மாதிரி எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பழைய கணக்கப்பிள்ளை:
நண்டு ஏன் போனது என்று கேட்டால், அது இருக்கிற இடமே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துதான், அதில் சேறு அடைத்துவிட்டது. நம் நாட்டு நன்னீர் நண்டுகளில் கிட்டத்தட்ட எல்லாமே வேறெங்கும் இல்லாதவை, இங்கே போனால் போனதுதான். பச்சை வழுக்கு உரத்தைத் தின்று வளர்கிற பாசி. நான் வேலை பார்த்த காலத்தில் மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, கானுக்குள் இடைக்கிடை குழி விடுவோம், மண் அதில் தங்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் வழியும், மாதம் ஒருமுறை ஆள் போட்டு அள்ளுவோம். மரக்கறிப் பாத்தியை மேலிருந்து கீழாக நேரே போட்டிருப்பார்கள், போய்ப் பாருங்கள். அப்படி என்றால் மழைக்கு அது பாத்தி இல்லை, வாய்க்கால். அப்புறம் ஊற்றைச் சுற்றி எத்தனை மரம் நிற்கிறது? 1951 முதல் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கலாவெவப் பக்கத்தான்:
எங்களுக்கும் இது சொந்தக் கதைதான். உங்கள் ஓடை நானுஓயா, கொத்மலை ஓயா என்று மகாவலியில் சேர்கிறது, பொல்கொல்லை அணையில் 1976இலிருந்து அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியாகத் திருப்புகிறார்கள், அது சுது கங்கை, போவத்தென்ன தாண்டி எங்கள் கலாவெவக் குளத்துக்கு வருகிறது. உங்கள் சோதனை முடிவை இங்கே போடுங்கள், நாங்களும் ஒரு மாதிரி எடுக்கிறோம்.

பணிய லயத்துப் பிள்ளை:
மேலே ஏறிப் பார்த்தேன், ஐயா சொன்னது சரி, பாத்தியெல்லாம் நேரே கீழ்நோக்கி. ஊற்றுக்கண்ணிலிருந்து கடைசிப் பாத்திக்கு என் காலடியில் பதினொன்றுதான், நடுவே ஒரு மரமும் இல்லை. படம் எடுத்திருக்கிறேன். பிள்ளைக்கு இன்றைக்கே போத்தல் தண்ணீர் வாங்கிவிட்டோம், கடிதத்தில் எல்லா வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன்.