டான் பைரனின் 'ஐவி டைவி': பாஸ் இல்லாத அந்த முதல் நான்கு பாட்டுகள்

மழைச்சத்தம் (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக ஜாஸ் கலைஞர் டான் பைரனின் 'ஐவி டைவி' ஆல்பத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2004இல் புளூ நோட் வெளியிட்டது. கிளாரினெட் பைரன், பியானோ ஜேசன் மோரன், டிரம்ஸ் ஜாக் டிஜானெட். முதல் நான்கும் 1920கள், 30களின் பழைய ஸ்டாண்டர்டுகள் (ஜாஸ் கலைஞர்கள் பலரும் திரும்பத் திரும்ப வாசிக்கும் பாட்டுகள்), மூன்றே பேர், கீழ் ஸ்வரங்களால் பாட்டைத் தாங்கும் பாஸ் கிடையாது. எனக்கு அங்கேதான் சிக்கல். 'ஐ வாண்ட் டு பி ஹாப்பி' தொடங்கி இரண்டு நிமிஷத்துக்குள் பாட்டில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போய்விடுகிறது, கால் ஊன்ற இடமே கிடைக்கவில்லை. அப்புறம் அவருடைய சொந்த மெட்டுகள் வருகின்றன, சிலவற்றில் ட்ரம்பெட்டும் பாஸும் சேர்கின்றன, வேறு யாரோ போட்ட ஆல்பம் போல ஆகிவிடுகிறது. இது ஒரே ஆல்பம்தானா, இல்லை இரண்டை ஒட்டிவிட்டார்களா? இன்னொரு சந்தேகம், சாக்ஸபோன் வாசிப்பவர்கள் இத்தனை பேர் இருக்க ஜாஸில் கிளாரினெட் ஏன் இவ்வளவு குறைவு?

நள்ளிரவு வானொலி:
இதற்கு விடை 1946இல் இருக்கிறது. லெஸ்டர் யங், நாட் கிங் கோல், படி ரிச் மூவரும் லாஸ் ஏஞ்சலஸில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸுக்காக ஒரு பதிவு செய்தார்கள். டெனர் சாக்ஸ், பியானோ, டிரம்ஸ், அவ்வளவுதான். கோல் அப்போது கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் இசைத்தட்டில் அவர் பெயரைக்கூடப் போட முடியாமல் 'ஐ கை' என்று அச்சடித்தார்கள். நீங்கள் சொல்லும் நான்கு பாட்டுகளும் அந்தப் பதிவில் உள்ளவை. ஆல்பத்தின் தலைப்பே லெஸ்டர் யங் பேச்சில் புழங்கிய ஒரு வார்த்தை. அதனால் பாஸ் இல்லாதது தற்செயல் இல்லை, பைரன் அந்த மூவர் அமைப்பையே எடுத்துக்கொண்டு தன் காலத்து ஆட்களோடு வாசித்திருக்கிறார்.

லெஸ்டர் யங் என்றால் சாக்ஸ்தான் ஞாபகம் வரும், ஆனால் 1938இல் கான்சாஸ் சிட்டி சிக்ஸ் என்ற குழுவின் பதிவுகளில் உலோகக் கிளாரினெட் வாசித்திருக்கிறார், அதை ஒருமுறை கேளுங்கள். சத்தம் போடவே மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். பைரன் கிளாரினெட்டோடு அவரிடம் போய் நின்றதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கால் ஊன்ற ஒரு வழி சொல்கிறேன். 'ஐ வாண்ட் டு பி ஹாப்பி' 32 பார் (தாள அளவு) கொண்ட மெட்டு, எட்டு எட்டாக நான்கு துண்டு. முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு பக்கம் திரும்பும். முதலில் பழைய பதிவு ஏதாவது ஒன்றில் மெட்டை மனப்பாடம் செய்துவிடுங்கள். பிறகு பைரன் வாசிக்கும்போது அதை வாய்க்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். நடுவில் தவறிப்போனால் பரவாயில்லை, மோரனின் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாஸ் செய்ய வேண்டிய வேலையில் பாதி அங்கே நடக்கிறது. மீதிப் பாதி டிஜானெட்டிடம். அவர் பியானோவில் தொடங்கியவர், மெட்டு திரும்பும் இடம் அவருக்கு முன்கூட்டியே கேட்கும், சிம்பலில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார்.

கருமரக்குழல்:
இரண்டாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன், பள்ளி பேண்டில் நான்கு வருஷம் கிளாரினெட் வாசித்தவன். சாக்ஸபோனில் ஆக்டேவ் சாவியை அழுத்தினால் அதே விரல் வைப்பில் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே வரும். கிளாரினெட் உள்ளே அகலம் மாறாத உருளைக் குழல் என்பதால் அப்படி வராது, பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவும். அதாவது கீழே ஸ கொடுத்த விரல் வைப்பு மேலே ஸ கொடுக்காது, பஞ்சமம் கொடுக்கும். ஒரே வரியை மேலேயும் கீழேயும் வாசிக்க இரண்டு விதமாகப் பழக வேண்டும். அதிலும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்யும் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போக எல்லா விரல்களும் ஒரே நேரத்தில் துளைகளை மூட வேண்டும். மோதிர விரல் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் கீச்சென்று கத்திவிடும். எங்கள் மாஸ்டர் அந்த ஒரு தாவலை மட்டும் ஒரு மாதம் வாசிக்க வைத்தார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விரல் நுனிகளில் துளையின் வட்டம் பதிந்திருக்கும்.

1930களில் பென்னி குட்மன், ஆர்ட்டி ஷா இருவரும் கிளாரினெட் நட்சத்திரங்கள். அப்புறம் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி வந்தது, சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வேகத்தில் அந்த இடத்தை நிமிஷத்துக்கு நூறு தடவை கடக்க வேண்டும். கிளாரினெட்டில் படி டிஃப்ராங்கோ செய்து காட்டினார், ஆனால் பெரும்பாலானவர்கள் சாக்ஸுக்குப் போய்விட்டார்கள். 'ஐ'வ் ஃபவுண்ட் எ நியூ பேபி'யில் பைரன் மேலும் கீழும் போய்வருவதைக் கேளுங்கள், எனக்கு இப்போதும் விரல் கூசுகிறது.

இன்னொன்று, துளையை விரலே நேராக மூடுவதால் மெல்ல விலக்கி ஸ்வரத்தை வழுக்க விடலாம். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கமகம் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

தெற்குத் திண்ணை:
நள்ளிரவு வானொலி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பின்பாதியும் வேறு ஆல்பம் இல்லை. 'தி கூன் டிராக்' என்று ஒன்று வருகிறதே, அது பியானோ கலைஞர் சாம் பிரைஸ் குழுவில் 1941இல் லெஸ்டர் யங் வாசித்தது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவுகளால் நமக்குத் தெரிந்த 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'இன் எ சைலன்ட் வே' இரண்டும்கூட இருக்கின்றன. குறைவாக வாசித்து இடைவெளி விடுவது லெஸ்டரிடமிருந்து மைல்ஸுக்கு வந்த குணம் என்றுதான் எனக்குக் கேட்கிறது. 'லியோபோல்ட், லியோபோல்ட்' மட்டும் தனி ரகம், அந்தக் கூப்பாடு 1949இல் வந்த பக்ஸ் பன்னி கார்ட்டூனில் வரும், முயல் இசைக்குழு நடத்துநர் வேஷம் போடும்போது. பைரன் 1996இலேயே கார்ட்டூன்களில் புழங்கிய ரேமண்ட் ஸ்காட் இசையை ஆல்பமாக வாசித்தவர், அவருக்கு இதெல்லாம் ஒரே வீடு. ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன், ட்ரம்பெட் சேரும் பாட்டுகளைவிட அந்த மூவர்தான் எனக்கு உயிர்.

மழைச்சத்தம்:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. நேற்று ராத்திரி 1946 பதிவைக் கேட்டு மெட்டைப் பாடமாக்கிக்கொண்டு, ஹெட்ஃபோன் மாட்டி விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். தொடையில் தாளம் போட்டு எட்டு எட்டாக எண்ணினேன், இரண்டு முறை தவறியது, மூன்றாவது சுற்றில் பிடித்துவிட்டேன், மெட்டு திரும்பும் இடத்தில் சிம்பல் சரியாக வந்து விழுந்தது! 'ஐ கவர் தி வாட்டர்ஃபிரன்ட்'டில் பைரன் கீழ் ஸ்தாயியில் நிற்கும்போது ஸ்வரத்துக்கு முன்னால் காற்று மட்டும் வருவதுகூடக் கேட்டது. பாஸ் இருந்திருந்தால் அது மூடிப்போயிருக்கும் என்று தோன்றுகிறது. கருமரக்குழல், நள்ளிரவு வானொலி சொன்ன அந்த 1938 கிளாரினெட் பதிவுகளை இன்று கேட்கப்போகிறேன், உலோகத்துக்கும் மரத்துக்கும் ஒலியில் என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்.