சென்டரிங் ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது. 10 கிடைக்குமா?

அவசரக்குடுக்கை
சேகரிப்புக் கார்டு ஒண்ணு கிரேடிங் அனுப்பணும், அதான் கார்டோட நிலையைப் பாத்து 10-க்கு மார்க் போடறது. மூலை, விளிம்பு, சர்ஃபேஸ் எல்லாம் பக்கா. சென்டரிங் மட்டும்தான் இடிக்குது, அதாவது எதிரெதிர் பார்டர் ரெண்டும் சமமா இருக்கறது. ஒரு தடவை அளந்தா 54/46, அடுத்த தடவை 61/39. எது சரி? 10 வருமா வராதா? சீக்கிரம் சொல்லுங்க, நாளைக்கு பார்சல் கட்டணும்.

பார்டர்பாண்டி
எந்தக் கம்பெனிக்கு? முன்பக்கமா பின்பக்கமா? இடவலமா மேல்கீழா? எதை வச்சு அளந்தீங்க? கார்டு உறைக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா? இதுல ஒண்ணையும் சொல்லாம 10 வருமான்னு கேட்டா ஜோசியம்தான் பாக்கணும்.

கோணக்கண்ணன்
போன்ல எடுத்திருப்பீங்க, சாய்ச்சுப் பிடிச்சிருப்பீங்க. வேற ஒண்ணும் இல்ல. நேரா பிடிச்சு எடுங்க, சரியாயிடும்.

அளவுகோல்
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. இருந்தாலும் சொல்கிறேன். இடது பார்டரை இடது வலது இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் விகிதம். மேல்கீழுக்கும் அப்படியே. இரண்டில் எது மோசமோ அதுதான் கணக்கில் சேரும். இதைக்கூடப் பார்க்காமல் பார்சல் கட்டுவானேன்?

அவசரக்குடுக்கை
பிஎஸ்ஏ. முன்பக்கம், இடவலம். போன் ஆப்லதான் அளந்தேன், டாப்லோடர்ல (கெட்டி பிளாஸ்டிக் உறை) வச்சபடியே. புது கார்டு, வெள்ளை பார்டர்.

பாக்கெட்பிரியன்
பிஎஸ்ஏ தானே, கவலைய விடுங்க நண்பா. 60/40 வரைக்கும் 10 குடுப்பாங்க.

அளவுகோல்
அது பழைய கதை. 2025 தொடக்கத்திலேயே பிஎஸ்ஏ தன் 10-க்கான முன்பக்க அளவை 55/45 என்று இறுக்கிவிட்டது. பின்பக்கம் 75/25. 9-க்கு முன்பக்கம் 60/40, 8-க்கு 65/35, 7-க்கு 70/30. இந்த மூன்றுக்கும் பின்பக்கம் 90/10 வரை பொறுத்துக்கொள்வார்கள். பிஜிஎஸ் என்ற கம்பெனி இன்னும் கறார்: சென்டரிங்குக்கு மட்டும் தனியாகப் போடும் மதிப்பில் (சப்கிரேடு) 9.5 வேண்டுமென்றால் முன்பக்கம் ஒரு திசையில் 50/50, மற்ற திசையில் 55/45.

பிக்சல்பழனி
கோணக்கண்ணன் அண்ணே, போனைச் சாய்ச்சதால இவ்வளவு வித்தியாசம் வராது. கணக்கு போட்டுப் பாருங்க. கார்டு அகலம் 63.5 மிமீ. போன் 20 செமீ உயரத்துல இருக்கு, 5 டிகிரி சாஞ்சிருக்குன்னு வைங்க. இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் கிட்டத்தட்ட 5.5 மிமீ தூர வித்தியாசம், அதாவது 3 சதவீதத்துக்கும் குறைவு. சரியான 50/50 கார்டு 51.3/48.7-ன்னு தெரியும், அவ்வளவுதான். இங்க வந்திருக்கறது 7 புள்ளி வித்தியாசம்.

எனக்கு சந்தேகம் டாப்லோடர் மேலதான். உள்ள போடற மெல்லிய உறை, அதான் ஸ்லீவ், அதோட ஓரத்துல ஒரு பளபளப்புக் கோடு விழும், ஆப் அதையே கார்டு விளிம்புன்னு எடுத்துக்கும். ரெண்டு பார்டரும் சேர்ந்தே 3 மிமீ சொச்சம்தான் இருக்கும். அதுல ஒரு பக்கம் 0.2 மிமீ கூடி மறுபக்கம் 0.2 மிமீ குறைஞ்சா 6 புள்ளி போயிடும். அதனாலதான் அரை மிமீ கோடு போட்ட ஸ்கேல் இந்த வேலைக்கு ஆகாது. டிஜிட்டல் காலிப்பரும் வேண்டாம், இரும்பு நுனி விளிம்புல பட்டா பள்ளம் விழுந்துடும்.

இப்படிப் பண்ணுங்க. கார்டை வெளிய எடுங்க. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைச்சு, கார்டை தேய்க்காம மேலருந்து வைங்க. பின்னால ஒரு கறுப்புத் தாள் கண்டிப்பா வேணும். ஸ்கேனர் மூடியும் வெள்ளை, உங்க பார்டரும் வெள்ளை, கறுப்பு இல்லேன்னா விளிம்பு எங்க முடியுதுன்னே தெரியாது. 1200 டிபிஐ வைங்க. ஆட்டோ கிராப், ஷார்ப்பன் ரெண்டையும் அணைச்சிடுங்க. அப்புறம் பிக்சலை எண்ணுங்க, 1 மிமீக்கு 47 பிக்சல் கிடைக்கும். இட வல பார்டரை ஒரே இடத்துல அளக்காதீங்க. மேல் மூலைப் பக்கம் ஒண்ணு, கீழ் மூலைப் பக்கம் ஒண்ணு.

கோணக்கண்ணன்
சரி, 20 செமீல. 10 செமீல எடுத்தா?

பிக்சல்பழனி
52.7/47.3. அப்பவும் 61 வராது.

விளிம்புவீரன்
ஏன் இவ்வளவு பாடு? அகலமா இருக்கற பக்கத்துல ஒரு நூல் அளவு சீவி விட்டா 50/50. யாருக்குத் தெரியும்?

பார்டர்பாண்டி
அந்த வேலையே வேண்டாம். முதல்ல பாக்கறதே அளவைத்தான், 63.5-க்கு 88.9 மிமீ. சீவின விளிம்பு பூதக்கண்ணாடியில பளிச்சுன்னு வேற மாதிரி தெரியும். பிஎஸ்ஏல சீவினதுன்னு அர்த்தம் வர்ற என்1 குறி போட்டு, நம்பரே இல்லாம திரும்பி வரும். 8 வாங்கியிருக்க வேண்டிய கார்டு அது.

பாக்கெட்பிரியன்
எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கார்டு பாக்கெட்லருந்து வந்ததே அப்படித்தான். பெரிய ஷீட்டா அச்சடிக்கறாங்க, டாப்ஸ் கம்பெனியோட பழைய ஷீட்ல 132 கார்டு இருக்கும். அடுக்கி வெட்டும்போது கத்தி அரை மிமீ தள்ளிப் போச்சு. வச்சிருந்தவன் என்ன பண்ணான்? மூலை மழுங்கினா அவன் தப்பு. இது ஆலைத் தப்பு. இதுக்கு ஏன் கண்டிஷன்ல கை வைக்கணும்?

அளவுகோல்
கிரேடு என்பது வைத்திருந்தவருக்குத் தரும் நற்சான்றிதழ் அல்ல. கார்டு இன்று எப்படி இருக்கிறது என்பதற்கான மதிப்பு. அச்சுப் புள்ளியும் மை சிதறலும்கூட ஆலைத் தப்புதான். அவற்றையும் விட்டுவிடலாமா?

பார்டர்பாண்டி
பிரியன் கேக்கறதுக்குத்தான் ஓசி குறி இருக்கே, ஆஃப் சென்டர்னு அர்த்தம். மத்ததெல்லாம் 8-க்குத் தகுதி, சென்டரிங் மட்டும் மோசம்னா பிஎஸ்ஏ 8 ஓசின்னு போடும். குறி வேண்டாம்னு ஃபார்ம்ல எழுதலாம், அப்போ வழக்கமா ரெண்டு படி இறங்கி 6-ஆ வரும். பிஜிஎஸ், எஸ்ஜிசி கம்பெனிகள்ல இந்தக் குறியே கிடையாது.

பாக்கெட்பிரியன்
அப்போ 8 ஓசியே மேல். கார்டு உண்மையில எப்படி இருக்குன்னு அதுதான் சொல்லுது.

விளிம்புவீரன்
விக்கப் போறவனைக் கேளுங்க. ஓசின்னு பாத்ததும் பாதிப் பேர் தாண்டிப் போயிடுவான். குறியில்லாத 6 சீக்கிரம் போகும்.

அளவுகோல்
சேகரிப்பாளர்களின் செட்டுகளை வரிசைப்படுத்தும் பிஎஸ்ஏயின் செட் ரெஜிஸ்ட்ரியிலும் குறி உள்ள கார்டுக்கு 2 புள்ளி கழிக்கிறார்கள். ஆகவே அங்கே இரண்டும் ஒன்றே.

பார்டர்பாண்டி
ரொம்பவே தள்ளிப் போனாலும் மவுசுதான். 1909 முதல் 1911 வரை வந்த டி206 பேஸ்பால் கார்டு செட்ல, மேல பக்கத்து கார்டோட பேர் தெரியற மாதிரி வெட்டினது உண்டு. கிரேடு சறுக்கும், ஆனா அதையே தேடி வாங்கறவங்க இருக்காங்க. ரெண்டுங்கெட்டானா நிக்கற 65/35-தான் பாவம்.

அவசரக்குடுக்கை
ஸ்கேன் பண்ணேன். மேல் பக்கம் இடது 92 வலது 58. கீழ் பக்கம் இடது 80 வலது 70.

பிக்சல்பழனி
புதிர் விடுபட்டுச்சு. மேல 61/39, கீழ 53/47. ஆப் ஒரு தடவை மேல அளந்திருக்கு, ஒரு தடவை கீழ. ரெண்டுமே சரி. அச்சே சாஞ்சிருக்கு, சுமார் 0.16 டிகிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா நடுவுல எடுத்தாலும் 57/43.

மேலயும் கீழயும் கூட்டுத்தொகை 150 தான், அது நல்ல சேதி. கார்டு கோணாம நேரா வெட்டுப்பட்டிருக்கு, படம் மட்டும் உள்ள திரும்பியிருக்கு. அப்படின்னா மேல் பார்டர் வலது மூலையில இடது மூலையைவிட 8, 9 பிக்சல் அகலமா இருக்கணும். அளந்து பாருங்க. அப்படி இல்லாம ஒரே ஒரு விளிம்பு மட்டும் சாஞ்சிருந்தா, கூட்டுத்தொகையும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வந்தா, யாரோ சீவியிருக்காங்கன்னு சந்தேகப்படணும்.

அவசரக்குடுக்கை
மேல் பார்டர் இடது மூலை 66, வலது மூலை 75. கீழ் பார்டர் இடது 79, வலது 70.

பிக்சல்பழனி
9 பிக்சல். கூட்டுத்தொகை ரெண்டு பக்கமும் 145. வெட்டுல குறையில்ல. மேல்கீழ் மோசமான இடத்துல 54.5, பிரச்சினையில்ல. இடவலம்தான் கார்டை இழுக்குது.

அளவுகோல்
ஆக 10 இல்லை. மேல் மூலையில் 61 இருப்பதால் 9 கிடைப்பதும் இழுபறியில்தான் நிற்கிறது. அவர்கள் விதியில் 'ஏறத்தாழ' என்ற சொல் இருக்கிறது, அதை நம்பி அனுப்பலாம். சென்டரிங் உச்சவரம்பை மட்டுமே தீர்மானிக்கும். 60/40 இருந்தால் 9 கட்டாயம் என்று எங்கேயும் எழுதியில்லை. ஒரு மூலை வெளுத்திருந்தால் அதற்கும் கீழேதான்.

கோணக்கண்ணன்
சாய்வுன்னு நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தீங்களா.

பிக்சல்பழனி
நீங்க சொன்னது போன் சாய்வு அண்ணே.

அவசரக்குடுக்கை
நன்றி. 9-க்கு அனுப்பறேன். பின்பக்கம் அளக்கல, பரவால்லதானே?

பார்டர்பாண்டி
9-க்கு 90/10 வரை விடுவாங்க, பெரும்பாலும் தப்பிச்சிடும். ஆனா பின்பக்க அச்சு தனி ஓட்டம், முன்பக்கம் எப்படி இருக்குன்னு வச்சு அதைச் சொல்ல முடியாது. ஸ்கேனர் இன்னும் சூடா இருக்கும்போதே திருப்பிப் போட்டு ஒண்ணு எடுத்துடுங்க. டாப்லோடர்ல அனுப்பாதீங்க, ஸ்லீவ் போட்டு கார்டு சேவர்ங்கற அரைக்கெட்டி உறைல வைங்க.

பாக்கெட்பிரியன்
ஆளு போயாச்சு போல. பாண்டி, 8 ஓசியைப் பின்னாடி குறி வேண்டாம்னு மறுபடி அனுப்பினா 6 கட்டாயம் வருமா, இல்ல 5-க்கும் போகலாமா?