மாமா சென்னை போனாலே மீன் பாக்கெட்டோடுதான் வருகிறார், கடல் மீன் தொட்டி தாங்கவில்லை

அவிநாசித்தம்பி:

வணக்கங்க. கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் அக்காவும் மாமாவும் பாப்பாவும். இரண்டு வருடத்துக்கு முன்பு மாமாவும் நானும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு எங்கள் ஹாலில் கடல் மீன் தொட்டி வைத்தோம். 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 255 லிட்டர், பாறையும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். ஒன்றரை மாதம் மீனே விடாமல், கழிவைத் தின்கிற பாக்டீரியா வளரும் வரை தொட்டியைப் பழக்கி, முதலில் இரண்டு க்ளவுன், ஒரு மாதம் கழித்து ஒரு ஃபயர்ஃபிஷ் என்று பார்த்துப் பார்த்து விட்டோம்.

மாமாவுக்கு பனியன் கம்பெனி வேலையாக மாதம் ஒருமுறை சென்னைப் பயணம் உண்டு. கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகாமல் திரும்பவே மாட்டார். பாப்பா பாக்கெட்டைப் பார்த்துக் குதிப்பதற்காகவே வாங்கி வருகிறார், அது எனக்கும் தெரியும். இப்போது 14 மீன்கள். அதில் டேம்சல் மட்டும் ஆறு, போன வாரம் ஒரு ப்ளூ டேங் வேறு. நேற்று ஃபயர்ஃபிஷ் செத்து பாறைக்கடியில் கிடந்தது. டெஸ்ட் செய்தால், மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா 0.5 காட்டுகிறது, 0 இருக்க வேண்டியது. மற்றதெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

இன்னொருவராக இருந்தால் நேராகச் சொல்லிவிடுவேன். அக்கா வீட்டுக்காரர், பாதிக் காசும் போட்டவர். ஒரு சொல் தவறிப் போனால் அக்காவுக்குத்தான் சங்கடம். என்ன செய்யட்டும்?

உப்புத்தண்ணி_கோவை:

தம்பி, மாமா பேச்சு அப்புறம். இன்றைக்கே பாதித் தீனியைக் குறைத்துவிட்டு 80 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள், அதற்கு உப்பு 3 கிலோ பக்கம் ஆகும். ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, சின்ன மோட்டார் போட்டு நன்றாகக் கரையவிட்டு, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 பார்த்து, தொட்டியின் சூடும் புதுத் தண்ணீர்ச் சூடும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நாளை மறுநாள் மறுபடியும் டெஸ்ட், தேவைப்பட்டால் மறுபடியும் மாற்றல். பயத்தில் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் பாறையையும் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கிறது.

நன்னீர்த் தொட்டியில் 0.5 வந்தால் பல மீன் தாங்கிவிடும். கடல் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 8.2 பக்கம் இருப்பதால் அதே அளவு அம்மோனியா அங்கே விஷமாகிற பங்கு அதிகம். உப்புத் தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவாகவே கரையும், வெயில் காலத்தில் இன்னும் குறையும். மேலே வந்து வாய் திறப்பது அதனால்தான். ஏர் பம்ப் ஒன்று உடனே போடுங்கள், கரன்ட் போனால் ஓடுகிற பேட்டரிப் பம்ப்பாக இருந்தால் நல்லது.

அந்த ப்ளூ டேங் மீன் கடையில் 2 அங்குலம் இருந்திருக்கும். வளர்ந்தால் ஒரு அடி பக்கம் போகும், நாள் முழுக்க நீந்துகிற மீன், 4 அடித் தொட்டி அதற்குச் சிறை. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். டேம்சல்களையும் குறைக்கப் பாருங்கள், வளர வளர மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடிக்கும்.

ஈரோட்டம்மா:

எங்கள் வீட்டில் மாமனார். பென்ஷன் வந்தால் ஒரு மீன். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நானும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன், மீன் செத்ததுதான் மிச்சம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் கிட்டை அவர் கையிலேயே கொடுத்து, "எனக்குக் கலர் சரியாகத் தெரியவில்லைங்க மாமா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றேன். பொய்யில்லை, மஞ்சளுக்கும் இளம்பச்சைக்கும் எனக்கு எப்போதும் குழப்பம்தான். அன்றிலிருந்து வாராவாரம் அவரே பார்த்து நோட்டில் எழுதுவார். புது மீன் விட்ட வாரம் நைட்ரேட் (அம்மோனியா மாறி மாறிக் கடைசியில் தண்ணீரில் சேர்வது) 10-லிருந்து 40-க்குப் போனதை அவர் கைப்பட எழுதிய பிறகு, நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மாமா தண்ணீர் மாற்றும்போது கூட இருக்கிறாரா? 80 லிட்டர் சுமப்பது என்னவென்று அவருக்கும் தெரிய வேண்டும். அப்புறம், அக்காவைத் தூது விடாதீர்கள். நீங்களும் அவரும் சேர்ந்து வைத்த தொட்டி, நீங்கள் இருவரும்தான் பேச வேண்டும்.

பொள்ளாச்சி_ரீஃப்:

மாடியில் மாமாவுக்கு 2 அடித் தொட்டி ஒன்று வைத்துக் கொடுங்கள், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். எந்த மீன் வந்தாலும் முதல் நான்கு வாரம் அங்கேதான் என்று இருவரும் பேசி வையுங்கள். வாங்கி வரும் சந்தோஷம் பாப்பாவுக்கும் போகாது, பெரிய தொட்டியும் பிழைக்கும். வெண்புள்ளி நோய் வந்த மீனுக்குத் தாமிர மருந்தும் அந்தச் சின்னத் தொட்டியில்தான் கொடுக்க முடியும், பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தை, இறால் எல்லாம் போய்விடும்.

கடல்குதிரையோ உயிர்ப் பவளமோ யாராவது காட்டினால் மாமா தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, வழக்காகிவிடும்.

அவிநாசித்தம்பி:

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு முறை மாற்றியாயிற்று, அம்மோனியா 0.25-க்கு இறங்கியிருக்கிறது. டேம்சலைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. மாமாவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாளி பிடித்தார். ஃபயர்ஃபிஷ் செத்த விஷயத்தை அப்போதுதான் சொன்னேன், அதுவரை அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார். நான்கு டேம்சலும் ப்ளூ டேங் மீனும் கோவையில் 6 அடித் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போயாயிற்று, கூடவே பாப்பாவும் போய் வழியனுப்பி வந்தாள். டெஸ்ட் நோட்டு இப்போது மாடியில் இருக்கிறது.

அடுத்த மாதம் க்ளீனர் இறால் (மீன் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியைத் தின்கிற இறால்) ஒன்று மட்டும் வாங்கலாமா என்று மாமா கேட்கச் சொன்னார்.

உப்புத்தண்ணி_கோவை:

அம்மோனியா, அது மாறி உண்டாகும் நைட்ரைட் இரண்டும் நான்கு வாரம் தொடர்ந்து 0 காட்டட்டும் தம்பி. வாங்கி வந்ததும் ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்துப் பழக்கி விடச் சொல்லுங்கள், உப்பளவு சட்டென்று மாறினால் இறால் தாங்காது.