சாட்சியைப் பார்க்காமல் தீர்ப்பா? மேன்முறையீடு பற்றி ஒரு சண்டை

ஆலையடி:
என் மச்சான் சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தவர். கூட நின்ற பையன் மூட்டையைத் தூக்க முடியாமல் தடுமாறியபோது இவர் ஓடிப்போய்ப் பிடித்தார். சட்டைக் கை பெல்ட்டில் சிக்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. நட்டஈட்டு விசாரணையில் ஆலைத் தரப்பு, "மெசின் ஓடும்போது கிட்டப் போகாதே என்று சொல்லியிருந்தோம், கேட்கவில்லை" என்றது. கோரிக்கை தள்ளுபடி.

மேன்முறையீட்டுக்குச் சட்டத்தரணியிடம் போனால், அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை: அங்கே சாட்சி கூப்பிட மாட்டார்கள், சட்டப் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மச்சானின் கையைப் பார்க்காமல், அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்காமல் என்ன தீர்ப்பு? மேன்முறையீடு என்பது காசு உள்ளவனுக்கு இன்னொரு தவணை, இல்லாதவனுக்கு இன்னொரு செலவு. இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

வழக்கேட்டுக்காரன்:
நானா, மச்சானின் விஷயம் கேட்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்கள் முடிவை ஏற்க மாட்டேன். நான் நீதிமன்றத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஒருவர், "அன்று இரவு எங்கே நின்றீர்?" என்று கேட்டதும் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினார். பதில் வர முன்னமே பொத்தான் கழன்று நிலத்தில் உருண்டது. நீதிபதி அதைக் கண்டார். வழக்கேட்டில் விழுந்தது ஒரே வரி: "வீட்டில் நின்றேன்." மேலே இருப்பவர் வாசிப்பது அந்த வரியைத்தான். பொத்தானைக் கண்டவரின் முடிவைக் காணாதவர் எந்தத் துணிவில் மாற்றுவது?

1993 இல் வெளியான அல்விஸ் எதிர் பியசேன பெர்னாண்டோ தீர்ப்பில் உயர் நீதிமன்றம் சொன்னதும் இதுதான். சாட்சிகளைக் கண்டு கேட்ட விசாரணை நீதிபதி, என்ன நடந்தது என்று கண்டறிந்ததை மேன்முறையீட்டில் இலேசில் அசைக்கக் கூடாது. மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் இன்னொரு விசாரணைக் கூடம் அல்ல. கீழே நடந்தது ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கிற இடம்.

ஆலையடி:
பொத்தான் திருகினால் பொய்யா? மச்சான் கோட்டுப் படியில் ஏறினாலே வியர்க்கிற மனிதர். வயலும் ஆலையும்தான் அவருக்குத் தெரியும். அவரை விட ஆலை முகாமையாளர் நன்றாகக் கதைப்பார், நிமிர்ந்து நிற்பார். அப்படியானால் கதைக்கத் தெரிந்தவனைத்தானே நீங்கள் நம்புகிறீர்கள்? கடதாசியை மட்டும் வாசிப்பது சில நேரம் எங்களுக்கு நல்லது என்றுகூட வாதிடுவேன், அந்தக் கடதாசி சரியாக இருந்தால்.

இன்னொன்றும் கேளுங்கள். பையன் சொன்னது, "மச்சான் எனக்குக் கை குடுத்தார்." எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் உதவி செய்தார் என்பது. முடிவில் எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? "இயந்திரத்தினுள் கையைக் கொடுத்தார்."

சும்மா வந்தவன்:
கை குடுக்கப் போய்க் கையையே குடுத்த கதை. சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

கல்லடிச் சட்டத்தரணி:
இரண்டு பேரும் வேறு வேறு வகை வழக்குகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

குற்ற வழக்கில், வழக்கேட்டுக்காரப் பெரியவர் சொல்கிற அளவுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 334 ஆம் பிரிவைப் பாருங்கள். யூரர் சபையின் தீர்ப்பு நியாயமற்றது, அல்லது சாட்சியம் அதைத் தாங்கவில்லை என்றாலே மேன்முறையீட்டை அனுமதிக்க வேண்டும். அப்படியென்றால் சாட்சியம் முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும். காலம்தான் மிகக் குறைவு: மேல் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 14 நாள்.

அதோடு, மேலே போனால் குறையும் என்ற நினைப்போடு போகக் கூடாது. 336 ஆம் பிரிவின்படி தண்டனை கூடவும் செய்யலாம். 2005 இல் கொழும்பு ரோயல் பார்க் அடுக்குமாடியில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கை எல்லாருக்கும் தெரியும். மேல் நீதிமன்றம் கொடுத்தது 12 வருடம். 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மரண தண்டனையாக்கியது. உயர் நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 

வேலைத்தள விபத்து இதற்கு நேர் எதிர். 1934 இன் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் மேன்முறையீடு சட்டவினாவில் மட்டும்தான், அதாவது என்ன நடந்தது என்பதில் அல்ல, சட்டம் என்ன சொல்கிறது என்பதில். வேலையால், வேலையின்போது ஏற்பட்ட விபத்தா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 2022 திருத்தத்தோடு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடப்பதும் சேர்ந்துவிட்டது. ஆலைத் தரப்பு பிடித்திருப்பது விதிவிலக்கை: கட்டளையை வேண்டுமென்றே மீறினால் நட்டஈடு இல்லை. நானா, நீங்கள் "என்ன நடந்தது" என்று மேலே போய்ச் சண்டை பிடித்தால் தோற்பீர்கள். "கூட வேலை செய்பவனைக் காப்பாற்றப் பாய்ந்தது வேண்டுமென்றே மீறியதாகுமா" என்று கேட்டால் அது சட்டவினா.

காத்தான்குடி ராத்தா:
ஆண்கள் எல்லாரும் கொலையும் ஆலையும் கதைக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளின் தாபரிப்பை, அந்த ஜீவனாம்சக் காசைக் கொஞ்சம் கதைப்போமா?

என் தங்கச்சியின் வழக்கு ஒரு காதி நீதிமன்றத்தில். முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. அவளே நின்று சொன்னாள், அழுதுகொண்டே. பதிவில் இருந்தது அரைப் பக்கம். மேன்முறையீட்டுக்குக் கொழும்பில் காதிகள் சபை. அதற்கும் மேலே போக, அனுமதி எடுத்துக்கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம். 300 கிலோமீற்றருக்கு மேல் ரயிலில் போய், கைக்குழந்தையோடு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் நின்றோம். அரைப் பக்கத்தை வைத்து யார் என்ன கண்டுபிடிக்கிறது? வழக்கேட்டுக்காரன் அண்ணன், பொத்தான் கதை நன்றாக இருக்கிறது. அவளின் அழுகை எந்த வரியில் இருக்கிறது?

வழக்கேட்டுக்காரன்:
தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அரைப் பக்கம் எழுதியது பிழைதான். ஆனால் நான் சொல்வதற்கு அது இன்னும் வலுச் சேர்க்கிறது: கீழே ஒழுங்காக எழுதப்பட வேண்டும். மேலே மறுபடி சாட்சி விளங்கத் தொடங்கினால் உங்கள் தங்கச்சி கொழும்பில் நிற்க வேண்டியது ஒரு நாள் அல்ல, இருபது நாள். அவளின் கணவருக்கு அது வசதி.

காதியிடம் அல்லாமல் நீதவானிடம் போகும் பெண்களுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் நீதவான் கட்டளை போட்ட பிறகு கணவன் மேல் நீதிமன்றத்துக்குப் போனாலும் காசு நிற்காது. நிறுத்த வேண்டுமென்றால் மேல் நீதிமன்றம் காரணம் எழுதித்தான் நிறுத்தலாம். மேன்முறையீட்டை இழுத்தடிக்கும் கருவியாக்கக் கூடாது என்று யோசித்து எழுதிய பிரிவு அது.

கல்லடிச் சட்டத்தரணி:
விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில் நடந்தால் 2006 இன் 54 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு முதல் மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குத்தான். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. 14 நாளுக்குள் அறிவித்தல், 60 நாளுக்குள் மனு. இரண்டும் வேறு வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்திருக்கிறார்கள்.

ஆலையடி:
சரி, இவ்வளவும் படித்துவிட்டும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. "கை குடுத்தார்" என்பதைத் தமிழில் கேட்டு எழுதினவரே பிழையாக எழுதியிருக்கிறார். இது இனி மொழிபெயர்ந்து கொழும்புக்குப் போனால்? அங்கே வாசிக்கிறவருக்குச் சம்மாந்துறைப் பேச்சு தெரியுமா? அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரையில், தரப்பினரின் முக்கிய உரிமையைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத பிழைக்காகத் தீர்ப்பை மாற்றக் கூடாது என்று இருக்கிறதாம். எங்கள் சட்டத்தரணிதான் சொன்னார். மூன்று விரல் போனவனுக்கு ஒரு சொல்லின் பிழை சின்னப் பிழையா?

வழக்கேட்டுக்காரன்:
138 ஐ நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். பிழையால் உங்களுக்குப் பாதிப்பு வந்ததென்று காட்டினால் அந்த வாசகம் உங்களைத் தடுக்காது. முதலில் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியைப் பார்த்தீர்களா, முடிவை மட்டும் பார்த்தீர்களா?

ஆலையடி:
முடிவை மட்டும்.

வழக்கேட்டுக்காரன்:
அதைத்தான் கேட்கிறேன். பையனின் சாட்சியப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே இரண்டு நாளாக என்னோடு சண்டை.

ஆலையடி (நான்கு நாள் கழித்து):
பிரதி கிடைத்தது. பையனின் சாட்சியத்தில் இருப்பது: "மூட்டை சரிந்தது. அவர் வந்து கை குடுத்தார். அப்போது சட்டை இழுபட்டது." குறுக்கு விசாரணையிலும் அதே சொல். இயந்திரம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. "இயந்திரத்தினுள்" என்பது முடிவை எழுதும்போது வந்து சேர்ந்திருக்கிறது.

கல்லடிச் சட்டத்தரணி:
அப்படியானால் கதை மாறுகிறது நானா. சாட்சியமே இல்லாமல் ஒரு விஷயத்தைக் கண்டறிந்தால் அதுவே சட்டப் பிழை. தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபை விஷயங்களில் 1977 இல் கலிடோனியன் தேயிலை, இறப்பர் தோட்டக் கம்பனி எதிர் ஹில்மன் தீர்ப்பிலிருந்து சொல்லி வருவது இதைத்தான்: சாட்சியம் தாங்காத கண்டறிதலில் மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம் தலையிடலாம். உங்கள் சட்டத்தரணியிடம் இந்தப் பக்கத்தையும் முடிவின் அந்தப் பந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். நாளையே. நாள் எண்ணப்படுகிறது.

வழக்கேட்டுக்காரன்:
சாட்சியைக் கூப்பிடாமலே கடதாசி பேசுகிறது, கண்டீர்களா?

ஆலையடி:
பேசட்டும். பையன் சொன்னதை ஒழுங்காக எழுதினவர் யாரென்று தெரியவில்லை, அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் அண்ணன், அந்தப் பக்கமும் அரைப் பக்கமாக இருந்திருந்தால்? ராத்தாவின் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

காத்தான்குடி ராத்தா:
நான் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.