கொஞ்சல் விகுதியா, குறுமை விகுதியா?

குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் கேட்ட சொல்லுக்கு வந்த மறுமொழிகளுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: இத்தாலியின் பலெர்மோவில் வளரும் நம் பிள்ளைகளுக்காக இத்தாலிய இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். இத்தாலிய மொழியில் பெயர்ச்சொல்லின் கடைசியில் ஒட்டி, பொருளின் அளவையோ நம் மனத்தையோ காட்டும் விகுதிகள் நாலு வகை. அதில் அன்பைக் காட்டும் 'வெத்ஸெஜ்ஜாத்தீவோ' என்ற வகைக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறேன்.

> சிறியதைக் குறிக்கும் விகுதிதானே? 'குறுமை விகுதி' போதும். இரண்டு சொல் எதற்கு?

ஐயா, நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு கடுவன் பூனை வந்த பிறகுதான் மனம் மாறியது. மழை நாளில் முற்றத்து ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்தது. சாம்பல் நிறம், குறுக்கே கறுப்புக் கோடுகள். இப்படிக் கோடு போட்ட பூனையை இங்கே சொரியானோ என்பார்கள். மேல்மாடி மூதாட்டி பார்த்ததும் "மீச்சோ, மீச்சோ" என்று கூப்பிட்டார். அது எந்தப் பூனைக்கும் பொதுவான அழைப்பு, நாம் 'பூசி' என்பது போல. பெயர் தனியாக வைக்க வேண்டும். இத்தாலியப் பெயராகவே இருக்கட்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம்.

பெயர் தேடும்போதுதான் பாப்பரசர் 12ஆம் லியோவின் பூனை நினைவுக்கு வந்தது. வத்திக்கானில், ரபேலின் ஓவியக்கூடத்தில் பிறந்த பூனை. பாப்பரசர் தம் அங்கியின் மடிப்பில் வைத்து அதை வளர்த்தாராம். 1829இல் அவர் இறந்த பின், அப்போது ரோமில் பிரெஞ்சுத் தூதராக இருந்த எழுத்தாளர் ஷத்தோபிரியான் அதை எடுத்து வளர்த்தார். அதன் பெயர் மிச்செத்தோ. மீச்சோவோடு '-எத்தோ' சேர்ந்தது. குறுமை விகுதி என்றால் குட்டிப் பூனை என்றுதான் பொருள் வரும். ஆனால் ஷத்தோபிரியான் தம் நினைவுக் குறிப்புகளில் அதைப் 'பெரிய பூனை' என்றே எழுதுகிறார். உடம்பு பெருத்தது, பெயரில் எத்தோ அப்படியே நின்றது. அங்கே எத்தோ காட்டுவது அளவை அல்ல, மடியில் வைத்து வளர்த்த கையை.

தமிழிலும் இதே வழிதான். வெருகின், அதாவது காட்டுப்பூனையின், இளமைப் பெயர் 'குட்டி' என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. அங்கே அது வயதைக் குறிக்கும் சொல். ஆனால் முப்பது வயது மகனை அம்மா 'தங்கக்குட்டி' என்னும்போது வயது எங்கே இருக்கிறது? சிறுமையில் தொடங்கி அன்பில் போய் நிற்கிறது. இந்த இரண்டு நிலைக்கும் ஒரே பெயர் வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். அதனால் கத்தோ (பூனை) கத்தீனோ ஆவதைக் குறுமை விகுதியின் கீழ் வைக்கலாம். மிச்செத்தோவுக்கு வேறு பெயர் வேண்டும்.

> 'செல்ல விகுதி' இன்னும் எளிது. யாருக்கும் உடனே புரியும்.

அக்கா, புரியும் என்பது சரிதான். ஆனால் 'செல்ல' என்பதைப் 'போக' என்றும் படிக்க முடிகிறது. அதைவிட முக்கியம், செல்லத்திலிருந்து வினை பிறப்பதில்லை. 'கொஞ்சல் விகுதி' என்றால் பயிற்சியில் "மாசோ என்ற பெயரைக் கொஞ்சுக" என்று எழுதலாம், விடை '-ஊச்சோ' என்ற கொஞ்சல் விகுதி சேர்ந்த மசூச்சோ. கொஞ்சல் வடிவம், கொஞ்சற்பெயர் எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. கலைச்சொல் என்றால் அதிலிருந்து இன்னும் நாலு சொல் கிளைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு எச்சரிக்கையும் கையேட்டில் சேர்க்கிறேன். கத்தோவோடு '-ஊச்சோ' சேர்த்தால் கத்தூச்சோ, பூனைச் செல்லம் என்று நினைப்போம். மீன் சந்தையில் கத்தூச்சோ கேட்டால் சின்னச் சுறா ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள்.

மற்ற இரண்டு வகை. கத்தோனே போலப் பெரியதைக் காட்டும் '-ஓனே'வுக்குப் 'பெருமை விகுதி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பெருமை இன்று வேறு பொருளில் நிலைத்துவிட்டது. 'பருமை விகுதி' என்று வைத்துக்கொள்ளலாமா? கறுப்புப் பூனைக்கு நெரோனே என்று பெயர் வைப்பவர்கள் உண்டு. நேரோ என்றால் கறுப்பு, ஆகவே 'பெருங்கறுப்பன்' என்று கேட்கும். ஆனால் நெரோனே ரோமப் பேரரசன் நீரோவின் பெயர், அதில் உள்ள ஓனே லத்தீனிலேயே இருந்தது. இப்படி ஏமாற்றுவதைப் 'பொய் விகுதி' என்கிறேன். 'போலி'யை நன்னூல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் தடுமாறுவது நாலாவதில், '-ஆச்சோ'வில். கத்தாச்சோ என்றால் பொல்லாத பூனை. தமிழ் இலக்கணத்தில் தாழ்வைக் காட்டும் 'உம்'முக்கு உள்ள 'இழிவு சிறப்பும்மை' என்ற பெயரைப் பார்த்து 'இழிவு விகுதி' என்று எழுதி வைத்தேன். அப்புறம் ஃபுளோரன்சின் இரண்டு ஓவியர்கள் குறுக்கே வந்தார்கள். இருவருக்கும் இயற்பெயர் தொம்மாசோ, சுருக்கினால் மாசோ. 1420களில் பிரான்காச்சி சிற்றாலயத்தின் சுவர்களில் சேர்ந்து வேலை செய்தவர்கள். மூத்தவர் மசொலீனோ, இளையவர் மசாச்சோ. ஒரே மாசோதான், ஒட்டிய விகுதிதான் ஆளைப் பிரித்துக் காட்டியது. மசாச்சோ தீயவர் என்பதால் அந்தப் பெயர் வரவில்லை, அவர் நல்ல மனிதர், உடை, பணம் எதிலும் அக்கறை இல்லாதவர், அதனால் வந்தது என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். அதில் இழிவு எங்கே இருக்கிறது?

எங்கள் கடுவனுக்கு மாசோ என்றே வைத்துவிட்டோம். எல்லா விகுதியும் ஒட்டும் பெயர். அம்மாவுக்கு மட்டும் அது 'மாசு' என்று காதில் விழுந்ததால் மாசிலாமணி என்று கூப்பிடுகிறார், அதற்கும் பூனை திரும்பிப் பார்க்கிறது. நேற்று மேல்மாடி மூதாட்டியின் துளசிச் சட்டியைத் தள்ளி உடைத்துவிட்டது. அவர் படியில் நின்று "மசாச்சோ!" என்று கத்தினார். கத்திக்கொண்டே கையிலிருந்த மீன் துண்டைப் பிய்த்து அதன் முன்னால் போட்டார்.

அந்த ஆச்சோவுக்கு ஒரு சொல் வேண்டும். திட்டும் இருக்க வேண்டும், மீன் துண்டும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் வழக்கில் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.